230 குதிரை ஓடும்... சட்டென்று நிற்குமா? ஒரு ஸ்கோடா, ஒரு மெக்கானிக், சென்னை - பெங்களூரு ஹைவே!

சனிக்கிழமை அதிகாலை 4.45 மணி. பூந்தமல்லி தாண்டி ஹைவே ஓரமாக ஒரு டீக்கடை. பாய்லர் இப்போதுதான் சூடாகிக்கொண்டிருக்கிறது. கடை வாசலில் சிவப்பு நிற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நிற்கிறது. பார்ப்பதற்குச் சாதாரண குடும்ப செடான்தான். பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன பேட்ஜைக் கவனித்தவர்கள் மட்டும் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். 2017-ல் இந்தியாவுக்கு வந்த மாடல் இது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத் திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க்.

கார் உரிமையாளருக்கு 32 வயது. ஓ.எம்.ஆர்-ல் ஐ.டி வேலை. மனைவிக்கு வேலை பெங்களூரில். இரண்டரை வயது மகளும் அங்கேதான். அதனால் அநேகமாக எல்லா வார இறுதியிலும் போக 350 கி.மீ, வர 350 கி.மீ. எட்டு மாதங்களுக்கு முன்பு இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். காலேஜ் காலத்துக் கனவு. இந்த வருட போனஸில் ஒன்றரை லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், காரை இன்னும் 'பவர்ஃபுல்' ஆக்க.

போனில் லிஸ்ட்டும் ரெடி. ரீமேப், எக்ஸாஸ்ட், 19 இன்ச் அலாய் வீல், காரைத் தரையோடு இறக்கும் லோயரிங் ஸ்பிரிங், முன்னால் ஒரு எல்.இ.டி லைட் பார்.

"லிஸ்ட் நல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா எந்த ரோட்டுக்கு?" என்கிறார் முன் சீட்டில் இருப்பவர். வயது 57. அம்பத்தூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். பர்கூரில் மச்சினர் வீட்டுக் கல்யாணம் என்பதால் இந்த லிஃப்ட். போகிற வழியில் காரையும் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. பின் சீட்டில் உரிமையாளரின் அம்மா, மடியில் பேத்திக்கான சீடை டப்பாவுடன்.

"அக்கா, பெல்ட்டு?"

"போட்டாச்சு தம்பி, போட்டாச்சு. நீங்க கிளப்புங்க."

ரேஸ் டிராக்கும் லாரி ரோடும்

ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருங்காட்டுக்கோட்டை. ஒரு பக்கம் ஹூண்டாய் ஃபேக்டரி, கொஞ்ச தூரத்தில் ரேஸ் டிராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த 3.7 கி.மீ டிராக் இது. அதற்கு முன் சென்னையின் ரேஸ்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில். மெக்கானிக் சின்னப் பையனாக ஸ்பேனர் பெட்டி தூக்கியது அங்கேதான். அந்தக் கதையை ஆரம்பித்தால் ஆம்பூர் வரை போகும். ஆனால் அவர் சட்டென்று விஷயத்துக்கு வருகிறார்.

"டிராக்குல எல்லாரும் ஒரே திசையில போவாங்க. எந்த வளைவு எங்க வரும்னு தெரியும். அங்க பிரேக்கு ஒவ்வொரு வளைவுக்கும் வேலை செஞ்சு சூடாவே இருக்கும். ஹைவேல ஒரு மணி நேரம் பிரேக்கையே தொட மாட்டே. அப்புறம் ஒரே ஒரு தடவை முழுசா மிதிப்பே. அந்த ஒரு தடவைக்குத்தான் தம்பி செலவு பண்ணணும்."

ரேஸுக்கான பிரேக் பேடு வாங்கி மாட்டிக்கொள்ளும் பலருக்கு இது தெரிவதில்லை. அந்த வகை பேடுகள் நன்றாகச் சூடேறினால்தான் கடிக்கும். குளிர்ந்திருக்கும்போது சாதாரண பேடைவிட மோசமாகக்கூட வேலை செய்யும். ஹைவே காருக்குக் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கிற, தெருவுக்காகவே தயாரிக்கப்பட்ட பேடுதான் சரி.

தொழிற்பேட்டைக்குள் ஆளில்லாத ஒரு நீண்ட ரோடு. "அக்கா, நீங்க ரெண்டு நிமிஷம் இறங்கிக்கங்க." அம்மா சீடை டப்பாவோடு இறங்கி, வேப்பமரத்தடியில் நிற்கிறார். முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 60 கி.மீ வேகத்தில் வந்து ஒரு சோதனை. "மிதி. பயப்படாம, முழுசா மிதி."

பெடல் காலுக்கடியில் அதிர்கிறது. ஏ.பி.எஸ் வேலை செய்கிறது. டயர்கள் கத்துகின்றன. கார் நேராகத்தான் நிற்கிறது. ஆனால் மிதித்த இடத்தில் இருந்த மைல்கல்லிலிருந்து மெக்கானிக் நடந்து எண்ணிக்கொண்டு வருகிறார். 28 எட்டு.

"ரொம்ப ஜாஸ்தி. பிரேக்கு நல்லாப் பிடிக்குது, ஏ.பி.எஸ்-ஸும் வருது. டயருதான் ரோட்டைப் பிடிக்கல."

குனிந்து டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைக் காட்டுகிறார். 1119. அதாவது 2019-ம் வருடம் 11-வது வாரம் தயாரானது. பள்ளம் இன்னும் நிறைய இருக்கிறது. சட்டப்படி வேண்டிய 1.6 மி.மீ-க்கு மேலேயே இருக்கும். ஆனால் ரப்பர் காய்ந்து கட்டியாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. உரிமையாளர் எட்டு மாதங்களாக இந்தக் காரைத் துடைக்கிறார், பாலிஷ் போடுகிறார். அந்த எண்ணை ஒரு நாளும் படித்ததில்லை. நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் நவம்பர் மாதக் கதை வெளியே வந்தது.

ஓச்சேரியில் ஒரு மழை இரவு

காஞ்சிபுரம் வெள்ளைகேட் தாண்டி, காவேரிப்பாக்கத்துக்கு முன்னால் வருவது ஓச்சேரி. கடந்த நவம்பரில், ஒரு ஞாயிறு இரவு, பெங்களூரிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. காரில் அம்மாவும் இருந்தார். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு டூ வீலர், லைட் இல்லாமல், ராங் சைடில் ஏறியது. இரண்டு பேர், நடுவில் ஒரு குழந்தை.

"நான் சுமார் 100-ல இருந்தேன் அண்ணே. மிதிச்சேன். கார் நிக்கவே இல்ல, வழுக்கிட்டே போகுது. அவங்க எப்படியோ ஓரமா ஒதுங்கிட்டாங்க. நான் நின்ன இடத்துக்கும் அவங்களுக்கும் ஒரு கை தூரம்தான். அந்தக் குழந்தை என்னையே பாத்துச்சு."

அந்த இரவுக்குப் பிறகும் போனில் இருந்த லிஸ்ட்டில் முதல் இடம் ரீமேப்புக்குத்தான். அவர் பொய் சொல்லவில்லை. மழையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேகத்தின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு. நல்ல டயர், காய்ந்த ரோடு என்றே வைத்துக்கொள்வோம். 100 கி.மீ வேகத்தில் பிரேக் மிதித்தால் சுமார் 50 மீட்டரில் கார் நிற்கும். அதே காரில் அதே இடத்தில் 120-ல் மிதித்தால்? முதல் கார் நின்றுவிட்ட அந்த 50-வது மீட்டரில் இரண்டாவது கார் இன்னும் சுமார் 66 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பெடலுக்குப் போகும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதற்கு ஒரு நொடி என்றால் 100 கி.மீ வேகத்தில் 28 மீட்டர் தனி.

"பெரிய பிரேக் கிட் போட்டா?" என்று கேட்கிறார் உரிமையாளர். சிவப்பு காலிப்பர், ஓட்டை போட்ட டிஸ்க் எல்லாம் அவர் மனதில் ஓடுகிறது.

"இருக்கிற பிரேக்கே ஏ.பி.எஸ் வர்ற அளவுக்கு வீலைப் பூட்டுது. அதுக்கு மேல பிரேக்கை எவ்வளவு பெருசாக்கினாலும் அந்த ஒரு மிதிக்குப் பிரயோஜனம் இல்ல. மலையில விடாம பிரேக் புடிச்சுட்டே இறங்கறவனுக்கு, டிராக்குல சுத்தறவனுக்கு அது வேணும். உனக்கு நாலு நல்ல டயரு, நல்ல பேடு, புது பிரேக் ஆயிலு."

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரி. கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி. குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஒட்டுமொத்த மாடிஃபிகேஷன் உலகத்திலேயே விலை குறைவான, யாரும் போட்டோ எடுத்துப் போடாத ஐட்டம் இது.

வாலாஜாபேட்டை வரை ஒரு தாலாட்டு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரையிலான பகுதியில் அடிக்கடி போகிறவர்களிடம் ஆறுவழிப் பணி பற்றிக் கேட்டால் பெருமூச்சுதான் பதில். பல வருடங்களாக நடக்கிற வேலை. பாலத்துக்கு அடியில் இறங்கி ஏறும் மாற்றுப்பாதை, முன்னறிவிப்பில்லாத மேடு, பழைய தாருக்கும் புது தாருக்கும் நடுவே ஒரு படி. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்க்கலாம் என்று தலையைத் திருப்பினால் அடுத்த குழி கூப்பிடும்.

இந்த இடத்தில்தான் 19 இன்ச் அலாய் வீலின் கதை முடிந்தது.

டயரின் சைஸ் 225/45 R17 என்று எழுதியிருந்தால், அகலம் 225 மி.மீ. அதில் 45 சதவிகிதம், அதாவது 101 மி.மீ, பக்கச் சுவரின் உயரம். வீல் 17 இன்ச். காரின் மொத்த சக்கர உயரத்தை மாற்றாமல் 19 இன்ச் வீல் மாட்ட வேண்டுமென்றால் 225/35 டயர்தான் வேண்டும். பக்கச் சுவர் 79 மி.மீ-க்கு இறங்கிவிடும். குழிக்கும் விலையுயர்ந்த அலாய்க்கும் நடுவில் இருக்கிற மெத்தையில் கிட்டத்தட்ட ஒரு இன்ச் அறுபட்டுப் போகிறது. 100 கி.மீ வேகத்தில் கூரான குழியில் விழுந்தால் டயர் வீங்கும், அல்லது அலாய் நெளியும், அல்லது வெடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு வாலாஜா பக்கத்துப் பஞ்சர் கடையில் 19 இன்ச் டயர் கேட்டுப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள்.

லோயரிங் ஸ்பிரிங்கும் அதே குழியில் போனது. அதற்கு மெக்கானிக் வாய் திறக்கவே இல்லை. ஒரு மாற்றுப்பாதையில் ஏறும்போது காரின் அடிவயிறு 'கர்ர்ர்ர்' என்று உரசியது. பின் சீட்டிலிருந்து அம்மா, "இன்னும் கீழ இறக்கப் போறியாப்பா?" என்றார். அவ்வளவுதான்.

அதற்காக சஸ்பென்ஷனுக்குச் செலவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கார் பழசு. ஷாக் அப்ஸார்பர் ஒன்றில் லேசான எண்ணெய்க் கசிவு இருப்பதை டோல்கேட் தாண்டி ஓரமாக நிறுத்தியபோது மெக்கானிக் காட்டினார். ஷாக் அப்ஸார்பர் சோர்ந்துபோனால் மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் சக்கரம் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் சக்கரம் ரோட்டைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஒரிஜினல் உயரத்திலேயே, கொஞ்சம் இறுக்கமான நல்ல ஷாக் அப்ஸார்பர் நான்கும், அதோடு ரப்பர் புஷ்களும் மாற்றினால் போதும். கார் புதிதாக வாங்கிய நாள் மாதிரி ஓடும் என்கிறார்.

பள்ளிகொண்டா ஸ்ட்ரெய்ட்டில் ரீமேப்

ராணிப்பேட்டை தாண்டியதும் ரோடு மனம் மாறுகிறது. வேலூரைத் தொட்டுக்கொண்டு, பாலாற்றை ஒட்டி, பள்ளிகொண்டா பக்கம் போனால் இடது பக்கம் ஜவ்வாது மலை நீலமாகத் தெரிகிறது. ரோடு நேர்க்கோடு. எந்தக் கால்தான் ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாக அழுத்தாது?

ரீமேப் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு டர்போ காற்று, எப்போது தீப்பொறி என்று முடிவு செய்வது ஈ.சி.யு என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதன் மென்பொருளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். டர்போ கார்களில் இதற்கு நல்ல பலன் இருக்கும். ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் திறன் கூடும்.

ஆனால் ஹைவேயில் அந்தத் திறனை எங்கே செலவழிப்பது? சமதளத்தில் 100 கி.மீ வேகத்தில் சீராக ஓட இப்படியொரு காருக்குத் தேவைப்படுவது சுமார் 20 குதிரைத் திறன்தான். ஏ.சி-யும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மீதி 200 குதிரைகள் ஏற்கெனவே லாயத்தில் சும்மா நின்று புல் மேய்கின்றன. இன்னும் 50 குதிரை வாங்கிக் கட்டினால் அவையும் மேயும்.

"ஓவர்டேக் பண்ணும்போது வேணுமே அண்ணே?"

நியாயமான கேள்வி. இருவழிச் சாலையில், எதிரே பஸ் வரும்போது லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் அந்த உடனடி இழுவிசை உயிர் காக்கும். திருவண்ணாமலை, செங்கம் பக்கத்துப் பழைய ரோடுகளில் ஓடுபவர் என்றால் பேச்சே வேறு. ஆனால் இது நடுவில் டிவைடர் இருக்கிற சாலை. எதிரே யாரும் வரக் கூடாது. 60-ல் போகும் கன்டெய்னரைத் தாண்ட ஆர்.எஸ்ஸின் 350 நியூட்டன் மீட்டர் தாராளம். கியரை ஒரு படி இறக்கினால் போதும், அதற்குக் காசும் கிடையாது.

நேரமாவது மிச்சமாகுமா? 100 கி.மீ தூரத்தை 100-ல் போனால் 60 நிமிடம். 120-ல் போனால் 50 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கிருஷ்ணகிரி டோல்கேட் ஒரே வாயில் விழுங்கிவிடும். ஹோஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கி.மீ எக்ஸ்பிரஸ்வே கட்டி வருகிறார்கள். 120 கி.மீ வேகத்துக்கான வடிவமைப்பு. அங்கேயும் போர்டில் போட்டிருக்கும் வேகத்துக்கு இந்தக் காரின் கம்பெனி இன்ஜினே அதிகம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். போலீஸ் பிடிப்பதுகூட இரண்டாவது கவலைதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் இன்ஜினில் கை வைத்து, பிறகு ஒரு விபத்து நடந்தால், கிளெய்ம் கேட்டு நிற்கும்போது அந்த மென்பொருள் நினைவுக்கு வரும்.

உரிமையாளர் போனை எடுத்து ரீமேப்பை நீக்கவில்லை. கடைசி வரிசைக்கு நகர்த்தினார். எட்டு மாதக் கனவு ஒரே நாளில் போய்விடுமா என்ன?

ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு

காலை பதினொன்றரைக்கே ஆம்பூரில் பிரியாணி தயார். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். இந்த ஊரில் நிறுத்தாமல் போவதற்கு ஒரு மனோதிடம் வேண்டும், அது காரில் யாருக்கும் இல்லை. தோல் தொழிற்சாலைகளின் ஊர். சாப்பிட்டு வெளியே வந்தால் ஷூ கடைகள்.

ஹோட்டல் வாசலில் எக்ஸாஸ்ட் மாற்றிய ஒரு ஹேட்ச்பேக் உறுமிக்கொண்டு வந்து நின்றது. உரிமையாளரின் கண்கள் மின்னின. மெக்கானிக் சிரித்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கும், வாசல்ல நின்னு கேட்டா. உள்ள உக்காந்து அஞ்சரை மணி நேரம் கேக்கணும் தம்பி."

நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,200 சுழற்சியில் சீராக ஓடும்போது எக்ஸாஸ்ட்டிலிருந்து நொடிக்கு சுமார் 73 அதிர்வுகள் வரும். சைலன்சரைத் திறந்துவிட்டால் இந்தத் தாழ்ந்த 'ஊம்ம்ம்ம்' ஒலி கேபினுக்குள் அடைந்துகொண்டு போகவே போகாது. ஊருக்குள் ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்குபவருக்குத் தெரியாது. ஹைவேயில் ஒரே வேகத்தில் போகிறவருக்குத்தான் தலைவலி. பின் சீட்டில் குழந்தை தூங்காது. ஓட்டுபவரின் அசதியும் சீக்கிரம் வரும்.

எல்லோரும் ஏறினார்கள். அம்மா உட்காரும்போது லேசாக முகம் சுளித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. அன்னிக்கு இடிச்சது. மழைக்காலம் முடிஞ்சும் போகல."

"என்னிக்கு?"

அம்மா சீடை டப்பாவைத் திறந்து மூடினார். "அந்த ஓச்சேரிகிட்ட... நீ பிரேக் அடிச்சப்ப. முன் சீட்டுல போய் இடிச்சுட்டேன். நீயே நடுங்கிப் போயிருந்தே, அதான் சொல்லல."

"பெல்ட் போட்டிருந்தீங்களேம்மா?"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பெல்ட் தோளிலிருந்து அழகாகக் குறுக்கே வந்து, இடுப்பருகே புடவை மடிப்புக்குள் செருகப்பட்டிருந்தது. எங்கும் மாட்டப்படவில்லை.

"மாட்டற கொக்கி கைக்கே சிக்கறதில்ல தம்பி. ஒவ்வொரு தடவையும் தேடணும். இவன்கிட்ட சொன்னா லேட்டாகும்னு..."

இறங்கிப் பார்த்தார்கள். பழைய உரிமையாளர் போட்ட லெதர் சீட் கவர். தைத்தவர் பெல்ட் கொக்கிகளுக்குச் சரியான ஓட்டை விடவில்லை. மூன்றும் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. குழந்தை சீட்டைப் பூட்டுவதற்காக கம்பெனி கொடுத்திருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் அதே கவருக்குள் சமாதி. முன் சீட்டுகளின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று எழுதிய பட்டியைத் தேடினால், அதையும் கவர் மூடியிருந்தது. சீட்டுக்குள்ளிருந்து வெடித்து வர வேண்டிய ஏர்பேக், இறுகத் தைத்த தோலைக் கிழித்துக்கொண்டு எந்தத் திசையில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்தக் காரில் ஏற்கெனவே ஒரு மாடிஃபிகேஷன் செய்யப்பட்டிருந்தது. யாரும் அதை அப்படி நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூர் வெயிலில், கடைக்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, பின் சீட் கவரைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. முன் சீட் கவர்களை மெக்கானிக் தையலோடு பிரித்தார். ஒன்றரை லட்ச ரூபாய் பட்ஜெட்டில் முதல் வேலைக்கு ஆன செலவு: கத்தரிக்கோல் தந்தவருக்கு ஒரு ரோஸ் மில்க்.

அம்மா பெல்ட்டை மாட்டிப் பார்த்தார். 'க்ளிக்'.

வாணியம்பாடி தாண்டி ஏலகிரி மலை தெரியும்போதும் காரில் யாரும் பேசவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் பெயர். வழக்கமாக அந்த விலகலைப் பார்த்தாலே, "ஒரு நாள் ஏறணும்" என்பார் உரிமையாளர். இன்று அவர் சொன்னது வேறு. "பாப்பாவை மடியில வச்சுத்தான் அண்ணே கூட்டிட்டுப் போறோம். அவ அம்மா மடியில."

"பெங்களூர் போன உடனே சைல்டு சீட் வாங்கிடு. பொறந்த நாள் எப்ப?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"அதுக்கு எதுக்கு அஞ்சு மாசம்?"

பர்கூரில் கல்யாண மண்டபத்து வாசலில் மெக்கானிக் இறங்கினார். மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "திரும்பும்போது டயருக்குக் காத்து புடிச்சுக்க. வண்டி குளிர்ந்து இருக்கறப்ப பாக்கணும். ஆள் நிறைய இருந்தா பின்னாடி கூடுதல். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எவ்வளவுன்னு ஒட்டியிருப்பான், படி" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, க்ளிக் சத்தம் கேட்டாத்தான் பெல்ட்டு" என்றார்.

அரளிச் செடிகளின் வெளிச்சம்

ஞாயிறு இரவு. அம்மா பேத்தியோடு பெங்களூரில் தங்கிவிட்டார். உரிமையாளர் மட்டும் தனியாகத் திரும்புகிறார். பின் சீட்டில் புது சைல்டு சீட், கவரோடு. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டாக வாங்கவில்லை. சென்னையில் கார் துடைக்கும்போது சரியாகப் பூட்டிப் பழக வேண்டும் என்று கொண்டு வருகிறார்.

தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் டிவைடர் முழுக்க அரளி பூத்திருக்கும். அழகுக்கு மட்டும் வைத்த செடி இல்லை அது. எதிர்ப்பக்கத்து ஹெட்லைட் கண்ணில் அடிக்காமல் மறைப்பதும் அதன் வேலை. செடி காய்ந்துபோன இடைவெளிகளில்தான் அந்த இரவின் உண்மை தெரியும். எதிரே ஒரு ஜீப், பம்பருக்கு மேல் எல்.இ.டி பார். இரண்டு நொடி, உலகம் வெள்ளையானது. அதற்குப் பின் இரண்டு நொடி, கறுப்பு. 90 கி.மீ வேகத்தில் நான்கு நொடி என்பது 100 மீட்டர். லிஸ்ட்டில் இருந்த அதே லைட் பார்.

இவர் காரின் சொந்த எல்.இ.டி விளக்குகளே போதும். முன் கண்ணாடியின் உள்பக்கப் படலத்தைத் துடைத்து, பழைய வைப்பர் ரப்பரை மாற்றி, ஹெட்லைட்டின் குறியைச் சரிபார்த்தால் வெளிச்சம் புதிதாகப் பிறக்கும். பெட்டி நிறைய சாமான் ஏற்றும்போது காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், விளக்கும் மேலே பார்க்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஓச்சேரி வரும்போது மணி பதினொன்று இருபது. ரோட்டில் யாரும் இல்லை. அவர் 60-க்கு இறங்கி, அந்த சர்வீஸ் ரோட்டு வாயைத் தாண்டும்வரை அப்படியே போனார்.

திங்கள் மாலை டயர் கடையில் நான்கு புது டயர்கள், கம்பெனி சொன்ன அதே சைஸ், ஈர ரோட்டுக்குப் பெயர் வாங்கிய ரகம். மாட்டுவதற்கு முன் நான்கிலும் தேதி எண்ணைப் படித்துப் பார்த்தார். கடைக்காரருக்கே ஆச்சரியம். பேடும் பிரேக் ஆயிலும் புதன்கிழமை அம்பத்தூரில். ஷாக் அப்ஸார்பர் அடுத்த மாதம். ஒன்றரை லட்சத்தில் கொஞ்சம் மிச்சமாகும் என்று தெரிந்ததும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மிச்ச காசுல அந்த எக்ஸாஸ்ட்டு மட்டும்... ரொம்ப சத்தம் இல்லாத மாதிரி..."

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஸ்பேனர் விழும் சத்தம் மட்டும்.

"அக்காகிட்ட கேட்டுட்டு சொல்லு தம்பி."